பிரித்துப் பார்த்த ஷூ

சோழவந்தான் என்றதும் வெற்றிலைதான் நினைவுக்கு வரும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் போனது கொடிக்காலுக்கு அல்ல. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காரும் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பார்க்க. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 1960-களில் வாங்கிய ஹீல்ஸ் ஷூவை அவரிடம் கொடுத்திருந்தார். அதை முழுசாகப் பிரிக்கப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"இது ஒட்டுனது இல்ல தம்பி, தச்சது. தச்சதப் பிரிக்கலாம், திரும்பத் தைக்கலாம். ஒட்டுனதப் பிரிச்சா கையோட கிழிஞ்சு வரும்" என்றார்.

உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய தோலை முதலில் உரித்தார். உள்ளங்கால் அட்டையையும் அடித்தோலையும் சேர்த்துப் பிடித்த தையல் அப்போதுதான் கண்ணில் பட்டது. குத்தூசி நுனியால் நூலை ஒவ்வொன்றாக அறுத்தார். அடித்தோல் விலகியதும் நடுவில் ஒரு எஃகுப் பட்டை, விரல் நீளம், லேசாக வளைந்து துருவேறிக் கிடந்தது. இந்த ஷூவின் உயிரே அதுதான். குதிகாலைத் தூக்கிவிட்டால் பாதத்தின் நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கிறது. உடம்பின் பாரத்தை அங்கே தாங்குவது அந்தப் பட்டை. அது ஒடிந்தால் ஹீல் பின்பக்கமாகச் சாயும். 1930-களில் இத்தாலியில் நல்ல எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஷூ வடிவமைப்பாளர் சால்வடோரே ஃபெர்ரகாமோ பாதத்துக்குக் கீழே இருக்கும் அந்த வெற்றிடம் முழுவதையும் தக்கையால் நிரப்பினார். இன்று நம் கடைகளில் தொங்கும் அடைத்த ஹீல் செருப்புகள் அந்த வழியில் வந்தவை.

இந்த ஷூவின் ஹீல் மரமில்லை. தோல் துண்டுகளை அடுக்கி, ஒட்டி, செதுக்கி, உள்ளங்கால் பக்கமிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள். தேய்ந்த இரண்டு அடுக்கை எடுத்துவிட்டுப் புதுத்தோல் வைத்தார். குதிகாலைச் சுற்றி, மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடையே விறைப்பான இன்னொரு தோல் இருந்தது. அதைத் தொடவே இல்லை. "இது நம்ம பக்கத்துத் தோல் மாதிரி இருக்கு, ஆவாரம்பட்டையில பதப்படுத்துனது" என்று மோந்து பார்த்துச் சொன்னார். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்த காலம் ஒன்று உண்டு. அந்த வகைத் தோல்தான் கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியது. குரோமியம் உப்பு வந்த பிறகு வேலை சில நாளில் முடிந்துவிடுகிறது.

இவ்வளவு தெரிந்த மனிதரை, நான் இருந்த நேரத்தில் வந்த ஒரு இளைஞன் "ஏய்" என்றுதான் கூப்பிட்டான். அவருக்கு என் அப்பா வயது. தோலைத் தொடுகிறவர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்திய பழக்கம் அந்த அழைப்பில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தோல் வேலையோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009-ல்தான் வந்தது. அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். இந்த வேலை தன்னோடு போகட்டும் என்கிறார். அந்த முடிவு நியாயமானது. ஆனால் அந்தக் கைக்குத் தெரிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். 1948 முதல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து யாராவது இவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவின், பாட்டியின் தைத்த ஷூ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இவரைப் போன்ற ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். "ஐயா" என்று கூப்பிடுங்கள்.