ஆடிப்பெருக்குக்கு எத்தனை பேர் நிப்பாங்க?

உண்மையை ஒத்துக்கறேன். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டோட முதல் டிசைன் இன்ஸ்டாவுல போடறதுக்காகவே வரைஞ்ச மாதிரி இருந்துச்சு.

இடம், திருச்சி மாவட்டத்துல எங்க அப்பாயி ஊர். ஊருக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல 18 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால். இப்போ அங்க இருக்கறது, நடுவுல முட்டு கொடுத்து தென்னைமரத்தைப் போட்ட பாலம். பிடிச்சுக்க ஒரு பக்கம் மட்டும் மூங்கில். எட்டாவது லீவுல நான் அதுலேருந்து வழுக்கி விழுந்திருக்கேன். அப்போ முழங்கால் அளவுதான் தண்ணி. அதுவே ஐப்பசி மழையா இருந்திருந்தா, இந்தக் கட்டுரையை வேற யாராவதுதான் எழுதியிருக்கணும்.

அதனால அந்த வாய்க்காலுக்கே 1.5 மீட்டர் அகலத்துல ஒரு நடைபாலம் டிசைன் பண்ண முடிவு பண்ணினேன். சாய்ஞ்சு நிக்கற ஒரே டவர், அதுலேருந்து கேபிள், கீழ ஓடற தண்ணி தெரியற மாதிரி இரும்பு வலைத் தளம், கைப்பிடிக்கு மெல்லிசா படுக்கைக் கம்பிகள். ரெண்டர் பார்த்துட்டு ஹாஸ்டலே "மாஸ்டா" னு சொல்லுச்சு.

எங்க கைடு மேம் மட்டும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. "யாரெல்லாம் இதுல நடப்பாங்கன்னு போய்ப் பார்த்தியா?"

பார்க்கல. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போய் அப்பாயிகிட்ட படத்தைக் காட்டினேன். நல்லா உத்துப் பார்த்துட்டு அப்பாயி கேட்டுச்சு:

"ஏன் ராசா, கீழ தண்ணி தெரிஞ்சா ஆடு எப்படி கால் வைக்கும்?"

"இந்தக் கம்பியில பிள்ளைங்க ஏணி மாதிரி ஏறாதா?"

"ஆடிப்பெருக்குக்கு ஊரே இங்கதான் வந்து நிக்கும். தாங்குமா?"

மூணாவது கேள்வியிலதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஐ.ஆர்.சி. 6 கோட்படி சாதாரண நடைபாதைக்கு சதுர மீட்டருக்கு 400 கிலோ லோடு எடுக்கணும். திருவிழா மாதிரி கூட்டம் கூடற இடம்னா 500. சின்ன ஊருதானேன்னு நான் 400 எடுத்திருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. லோடு குறைஞ்சா மெம்பர் எல்லாம் ஒல்லியா வரும், படம் அழகா இருக்கும். என் பாலத்தோட பரப்பு 27 சதுர மீட்டர். ரெண்டுக்கும் வித்தியாசம் 2,700 கிலோ. அழகுக்காக நான் கணக்குலேருந்து கழட்டி விட்டது கிட்டத்தட்ட நாற்பது பேரோட எடை.

ஒல்லியா இருந்தா வேற ஒரு பிரச்சனையும் இருக்கு. லண்டன் மில்லேனியம் பாலத்தை 2000 ஜூன் 10-ல திறந்தாங்க. அதுவும் மெலிசான, அழகான டிசைன்தான். கூட்டம் நடந்தப்போ லேசா பக்கவாட்டுல ஆடுச்சு. ஆடினதும் விழாம இருக்க ஜனங்க அந்த ஆட்டத்துக்கு ஏத்த மாதிரியே காலை வச்சாங்க. ஆட்டம் இன்னும் அதிகமாச்சு. ரெண்டே நாள்ல மூடிட்டாங்க. டாம்பர் மாட்டி மறுபடி திறந்தது 2002-ல. பாலம் உடையல. ஆனா ஜனங்க எப்படி நடப்பாங்கங்கறதும் டிசைன்ல சேர்த்திதான்னு அது எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துச்சு.

திரும்பி வந்து முதல்லேருந்து ஆரம்பிச்சேன். டவர், கேபிள் ரெண்டும் போச்சு. கேபிள் தளர்ந்தா ஊர்ல யாரு பார்ப்பா? அதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஸ்டீல் ட்ரஸ். பக்கத்து டவுன் வெல்டிங் பட்டறையிலேயே ரிப்பேர் பண்ணிக்கலாம். வலைக்குப் பதிலா கான்கிரீட் பலகை. கைப்பிடிக் கம்பி எல்லாம் செங்குத்தா. பிள்ளையார் கோயில் படியில வெள்ளம் எதுவரை வந்துச்சுன்னு அப்பாயி கை வச்சுக் காட்டுச்சு. பாலத்தோட அடிமட்டம் அதுக்கும் மேல.

ஒண்ணை மட்டும் விட மனசு வரல. பாலத்து நடுவுல, நின்னு தண்ணி பார்க்க ஒரு திண்ணை. மேம் சிரிச்சாங்க. "பென்டிங் மொமன்ட் அதிகமா வர்ற இடத்துலேயே கூட்டத்தைக் கூப்பிடறியே!" ரெண்டு நாள் யோசிச்சு திண்ணையை ரெண்டு கரைக்கும் நகர்த்தினேன், அபட்மென்ட் மேலேயே. அங்க எத்தனை பேர் உட்கார்ந்தாலும் எடை நேரா மண்ணுக்குப் போயிடும். நடுவுல நிக்கறவங்களுக்கு 500 கணக்கு இருக்கு. மொத்த ப்ராஜெக்ட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தத் திண்ணைதான். மேம் "முடியாது" ன்னு சொல்லலேன்னா இது தோணியே இருக்காது.

வைவாவுல எக்ஸ்டர்னல், "இதுல இன்னோவேஷன் எங்க தம்பி?" ன்னு கேட்டார். ஆட்டைப் பத்தி சொன்னேன். அவர் எதுவும் எழுதின மாதிரி தெரியல.

ரிப்போர்ட்டோட ஒரு காப்பியை பஞ்சாயத்து ஆபீஸ்ல கொடுத்திருக்கேன். "பாலம் எப்ப ராசா வரும்?" னு அப்பாயி ஒவ்வொரு போன்லயும் கேக்குது. என்கிட்ட பதில் இல்ல.

போன வாரம் நானும் சித்தப்பாவும் மரப்பாலத்தோட இன்னொரு பக்கமும் மூங்கில் கட்டினோம். அப்பாயி ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டு வந்துச்சு.