ஆபரேஷனுக்குப் பிறகு வரும் காய்ச்சல்

ஞாயிறு, கண்ணமங்கலம்

பேத்திக்குக் காய்ச்சல். பிறவியிலேயே இருந்த இதய ஓட்டையை வேலூரில் அடைத்து வீட்டுக்கு அனுப்பி மூன்றாவது வாரம். தையல் நன்றாக ஆறிவிட்டது. "மழைக் காய்ச்சல்தான் மாமா, மெடிக்கல்ல மாத்திரை வாங்கினா போதும்" என்கிறாள் மருமகள், தார் சுற்றிக்கொண்டே. எனக்கு ஒப்பவில்லை. படுத்தால் நெஞ்சு வலிக்கிறது என்று அழுகிறாள் பிள்ளை; எழுந்து முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் வலி குறைகிறது. சளிக் காய்ச்சலில் இப்படி வலிக்குமா?

திங்கள்

மகன் தறியை நிறுத்திவிட்டான். முதல் பஸ்ஸில் வேலூர். எக்கோ எடுத்தார்கள். அடைத்த இடம் சரியாக இருக்கிறது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில்தான் அழற்சி, நீர் கோத்திருக்கிறது. ரத்தத்தில் கிருமி இல்லை. ஆபரேஷனுக்காக அந்த உறையைத் திறக்கிறார்கள் அல்லவா, அந்தக் காயத்தின் மேல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சில நாளோ சில வாரமோ கழித்துச் சீறுகிறதாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது குறைவு. கொஞ்சம் நீர் என்றால் மருந்திலேயே வற்றிவிடும். அதிகமானால் இதயம் விரிய இடமில்லாமல் உயிருக்கே ஆபத்து. ஊசி செலுத்தி வெளியே எடுக்க வேண்டும்.

காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்கு உதவியது. நின்றுபோன தறிக்குக் கூலி யார் தருவார்?

புதன்

வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இந்த உறை அழற்சியை முதலில் கண்டபோது, வால்வைக் கெடுத்த ருமாட்டிக் காய்ச்சல்தான் திரும்பிவிட்டதாக டாக்டர்கள் நினைத்தார்களாம். ருமாட்டிக் நோயே இல்லாதவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பின் இது வருகிறது என்று 1958இல் நியூயார்க்கின் மேரி ஆலன் எங்கிள் குழுவினர் எழுதினார்கள். எங்கிள் குழந்தைகளைப் பார்த்த டாக்டர்.

சனி

காய்ச்சல் விட்டது. இப்யூபுரூஃபனே போதுமாக இருந்தது. திரும்பத் திரும்ப வந்தால் கால்சிசின் கொடுப்பதுண்டாம். அது கண்வலிக் கிழங்குச் செடியின் விதையிலிருந்து எடுப்பது. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அந்தச் செடி. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கிழங்கு கொடிய விஷம். கைவைத்தியம் என்று யாரும் இறங்கிவிட வேண்டாம்.

பிள்ளைக்கு இதய ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, ஓயாத வாந்தி எது வந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போய் எக்கோ எடுங்கள். கடை மாத்திரையில் காய்ச்சல் தணியலாம். உள்ளே கோத்த நீர் வெளியில் தெரியாது.