பரந்த பிரேசிலுக்கு ஒரு சிக்கனப் பயணம்

தென்னமெரிக்காக் கண்டத்தின் ஏறத்தாழ பாதி நிலத்தைத் தன்னுள் அடக்கிய நாடு பிரேசில். அதன் பரப்பு 85 இலட்சம் சதுர கிலோமீட்டர். நம் பாரதத்தைப் போல் இரண்டரை மடங்கிற்கும் அதிகம். ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 20 கோடியே 30 இலட்சம் பேரே. நிலம் மிகுதி, மக்கள் குறைவு. ஆகவே ஊருக்கும் ஊருக்கும் இடையே கிடக்கும் தொலைவே அங்குச் செல்லும் பயணி முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

அந்நாட்டிற்கு வருகிற ஜூன் மாதம் செல்லக் கணவனும் மனைவியுமாக நாங்கள் ஆயத்தம் செய்து வருகிறோம். பணி ஓய்வுக்குப்பின், பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் யாவும் முடிந்தபின், மிஞ்சிய சேமிப்பில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கியுள்ளோம். முதுகில் ஒரு பை, கையில் அறுபது நாள்கள். இவ்வளவே எங்கள் முதல். மறுமுறை செல்லப் பணமும் இராது, முழங்காலில் வலுவும் இராது. இம்முறை காணாமல் விடுவதை இனி என்றும் காணப்போவதில்லை. இதை நன்கு உணர்ந்தே ஒவ்வொரு முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது.

'ஏன் பிரேசில்?' என்று கேட்போர் உண்டு. அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1693இல் ஓரியூர் மண்ணில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் தந்தை, பிரேசிலில் ஆளுநராகப் பணியாற்றும்போது இறந்தவர். நம் தோட்டத்து முந்திரியும் மரவள்ளியும் போர்த்துக்கீசியர் அங்கிருந்து கொண்டுவந்தவையே. மொழியிலும் உறவுண்டு. நம் ஜன்னல் அங்கே 'ஜனெலா', சாவி 'ஷாவி', மேசை 'மேசா', அலமாரி 'அர்மாரியு'. நகர விடுதிகளுக்கு வெளியே ஆங்கிலம் அதிகம் பயன்படாது. ஆதலால் எண்கள், கிழமைகள், விலை கேட்பது, வழி கேட்பது ஆகியவற்றை நாள்தோறும் அரைமணி நேரம் கற்று வருகிறோம்.

திட்டத்தின் முதற்படி மருத்துவரைக் காண்பதே. பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டுதல் வேண்டும். இல்லையேல் ஆறு நாள்கள்வரை தனிமையில் வைக்கப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே இது போடப்படும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இவ்வூசியால் கடும் பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு, இளையோரைவிடச் சற்றுக் கூடுதல். எனவே விமானச் சீட்டு வாங்குமுன் உடல்நிலையைச் சோதித்து, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே மேற்கொண்டு செலவு செய்தல் நன்று. விசாவும் இங்கிருந்தே பெற்றுச் செல்ல வேண்டும்.

அடுத்தது பருவம். இங்கேதான் எங்கள் மனம் பெரிதும் அலைந்தது. அமேசான் ஆற்றின் வாயிலுள்ள பெலெம் நகரில், அக்டோபர் மாதம் இரண்டாம் ஞாயிறன்று நாசரேத்து மாதாவின் பவனி நடைபெறுகிறது. 1793இல் தொடங்கிய அப்பவனியில் மக்கள் நீண்ட வடத்தைப் பற்றிக்கொண்டு வீதிகளில் நகர்வர், இலட்சக்கணக்கானோர் கூடுவர். அதைக் காண வேண்டும் என்பது வீட்டாள் நெடுநாள் கொண்டிருந்த ஆசை. ஆனால் அக்டோபரில் அமேசான் மிகவும் வற்றிக் கிடக்கும். மனௌஸ் நகரில் 1902 முதல் நீர்மட்டத்தை அளந்து வருகின்றனர். 2023 அக்டோபரில் அது அதுவரை கண்டிராத அளவிற்குத் தாழ்ந்தது. 2024 அக்டோபரில் அதனினும் தாழ்ந்தது. படகுகள் மணலில் சிக்கின. கரையோரச் சிற்றூர்கள் உணவும் குடிநீரும் இன்றித் தவித்தன. ஆற்றுவழியே செல்லக் கருதும் நாங்கள் அம்மாதத்தை நம்ப இயலாது. ஜூன் மாதத்திலோ ஆறு நிரம்பி ஓடும். ஆகவே பவனியைத் துறந்து ஆற்றைத் தேர்ந்தோம். ஆயினும் ஜூன் வெறுமையாக இல்லை. அந்தோனியார், ஸ்நாபக அருளப்பர், இராயப்பர் ஆகியோரின் திருநாள்கள் அம்மாதம் 13, 24, 29 ஆகிய நாள்களில் வருகின்றன. வடகிழக்கு மாநிலங்கள் தீ வளர்த்தும் ஆடிப்பாடியும் சோளப் பண்டங்கள் உண்டும் மாதம் முழுவதும் களித்திருக்கும்.

மூன்றாவது வழித்தடம். நம் நாட்டைப் போல் எங்கும் இரயில் உண்டு என எண்ணிவிடலாகாது. நெடுந்தூரப் பயணிகள் இரயில்கள் அங்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை. மக்களைச் சுமப்பவை பேருந்துகளே. எனவே வரைபடத்தில் கிலோமீட்டரை அளப்பதை விடுத்து, பேருந்து ஓடும் மணிகளைக் கூட்டினோம்.

சாவோ பாவுலோவில் இறங்கி, 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அப்பரெசிடா மாதா திருத்தலத்தைத் தரிசித்து, ரியோ டி ஜெனீரோ சேர்வோம். 1931இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து இரட்சகர் சிலையை மலையுச்சியில் கண்டபின், ஊரோ பிரேத்தோ என்னும் பழைய தங்கச் சுரங்க நகருக்கு ஏழு மணி நேரம். அருகிலுள்ள கொங்கோன்யாசில், அலெயிஜாதின்யோ என்னும் சிற்பி மாக்கல்லில் செதுக்கிய பன்னிரு இறைவாக்கினர் நிற்கின்றனர். நோயால் சிதைந்த கைகளில் உளியைக் கட்டிக்கொண்டு செதுக்கினார் என்பர். பின்னர் பெலோ ஒரிசோன்தேயிலிருந்து கடற்கரையிலுள்ள விட்டோரியாவுக்கு, எஞ்சியிருக்கும் இரயில்களில் ஒன்று: 664 கிலோமீட்டர், 13 மணி நேரம். அங்கிருந்து 1763 வரை தலைநகராய் இருந்த சால்வடோருக்கு ஏறக்குறைய 20 மணி. ஜூன் 23 மாலைக்குள் ரெசிஃபே. அருளப்பர் திருநாளுக்குப் பெயர்பெற்ற கருவாரு அங்கிருந்து 130 கிலோமீட்டர். அப்பால் ஃபோர்த்தலேசா, சாவோ லூயிஸ், பெலெம். பெலெமிலிருந்து படகில் எதிர்நீரில் ஏறி, சாந்தாரெம் வழியாக மனௌஸ் சேர ஏறக்குறைய ஐந்து நாள்கள். அங்குக் கரிய ரியோ நெக்ரோவும் வண்டல் நிறச் சோலிமோயிசும் கலக்காமல் பல கிலோமீட்டர் அருகருகே ஓடும் காட்சியுடன் பயணம் முடியும். மனௌசிலிருந்து சாவோ பாவுலோவுக்கு மட்டும் ஒரு விமானச் சீட்டு. தெற்கே செல்லும் சாலையின் நடுப்பகுதி இன்னும் மண் பாதையே, மழையில் சேறாகிவிடும்.

கூட்டிப் பார்க்கையில், ஒன்பது பத்து நாள்கள் சக்கரத்தின் மேலும் நீரின் மேலும் கழிகின்றன. எஞ்சிய நாள்களை ஊர்களுக்குப் பங்கிட்டால், ஓர் ஊரில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் தங்கலாம். இது எங்கள் விதி. மூன்று இரவு தங்காத ஊரில் பேருந்து நிலையத்தையும் படுக்கையையும் தவிர வேறொன்றையும் காண இயலாது.

இவ்விதியே பெரிய தியாகங்களை வேண்டியது. உலகப் புகழ்பெற்ற இகுவாசு அருவிக்குச் சாவோ பாவுலோவிலிருந்து 1,050 கிலோமீட்டர். போகவும் வரவும் இரண்டு முழு இரவுகள், அங்கே மூன்று இரவுகள். அதைச் சேர்த்தால் ஆற்றுப்பயணமோ வடகிழக்கோ குறைய வேண்டும். 1960இல் திறக்கப்பட்ட தலைநகர் பிரசிலியாவும், பறவைகள் நிறைந்த பந்தனால் சதுப்பு நிலமும் அவ்வாறே நீங்கின. விமானத்தில் தாவி யாவற்றையும் பார்த்துவிடலாமே எனின், சேமிப்பு பாதியிலேயே தீரும்; பார்ப்பதும் விமான நிலையங்களாகவே இருக்கும்.

சிக்கனத்திற்கான வழிகள் சில. நெடுந்தூரப் பேருந்துகளை இரவில் பிடித்தால் விடுதி வாடகை மிஞ்சும். விடிந்தபின் புதிய ஊரில் இறங்குவது பாதுகாப்பும் ஆகும். இரயில் மட்டும் இரவில் சேர்வதால், அன்றைய விடுதியை முன்னரே பதிவு செய்துள்ளோம். சாய்வு இருக்கைகளில் பல வகுப்புகள் உண்டு. இருபது மணிப் பயணத்திற்குச் சற்று உயர்ந்த வகுப்பு வீண் செலவன்று. இணையத்தில் சீட்டு வாங்கும்போது பல நிறுவனங்கள் அந்நாட்டு வரி எண்ணைக் கேட்பதால், பாஸ்போர்ட்டுடன் நிலையச் சாளரத்தில் வாங்குவதே எளிது. உணவைத் தட்டில் எடுத்து எடைபோட்டு விலை சொல்லும் கடைகள் எங்கும் உண்டு. சோறும் பயறும் மரவள்ளி மாவும் நம் வயிற்றுக்கு ஒத்தவையே. படகில் பயணிகள் தத்தம் தூளியைத் தளத்தில் கட்டிப் படுப்பர். பெலெம் சந்தையில் இரண்டு தூளியும் கயிறும் வாங்கிக்கொள்வோம். கட்டணத்தில் உணவு சேர்ந்ததா என்பதை ஏறுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பையின் எடை எட்டு கிலோவைத் தாண்டலாகாது. மூன்று உடுப்புகள், மழையங்கி, பேருந்தின் குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, மருந்துகள், கொசுவிரட்டி. பணத்தை இரண்டு இடங்களில் பிரித்து வைத்தல், பெருநகர வீதிகளில் கைப்பேசியை வெளியே எடுக்காதிருத்தல், இருட்டியபின் ஆளற்ற தெருவில் நடவாதிருத்தல் ஆகியவை குறித்துப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

பயணத் திட்டம் என்பது காண வேண்டியவற்றின் பட்டியல் என்றே பலர் கருதுவர். பரந்த நாட்டைக் குறைந்த பணத்தில் காண விரும்புவோர்க்கு அது விடவேண்டியவற்றின் பட்டியலே ஆகும். மனமுவந்து விட்டவன் காண்பதை நின்று காண்பான். விட மனமில்லாதவன் எதையும் காணாமலே ஓடிக்கொண்டிருப்பான். இகுவாசு, பிரசிலியா, பந்தனால், பெலெம் பவனி என நாங்கள் விட்டவற்றை வழி, தொலைவு, பருவம் ஆகிய குறிப்புகளுடன் ஒரு தாளில் எழுதி மகனிடம் கொடுத்துவிட்டோம். அவனுக்கு வயதும் முழங்காலும் இருக்கின்றன.