கன்றுக்குக் கை பழகும் இடம்

கீரமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தின் குளக்கரை. புரட்டாசி வெயிலில் கல்லூரிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா. கையில் கவரோடு ஒரு புங்கங்கன்று.

"கவரை அப்படியே உருவாதீங்க தம்பி. மண்ணு உதிர்ந்து வேரு அறுந்துரும்."

பக்கவாட்டில் பிளேடால் கீறிக் கவரைக் கழற்றினார். அடியில் வளையம்போலச் சுருண்டிருந்த வேரை நறுக்கிவிட்டார். நறுக்காமல் வைத்தால் என்னம்மா ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள்.

"நல்லாத்தான் வளரும்த்தா. காத்துக்குத்தான் நிக்காது."

காற்று என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, தென்னையும் பலாவும் சாலையோரப் புளியுமாகத் தலைமுறைகள் வளர்த்ததெல்லாம் சாய்ந்தது. பிறகு ஊர் ஊராக இளைஞர்கள் கன்று நட்டார்கள். அடுத்த கோடையைத் தாண்டாமல் கருகியவை ஏராளம். அதனால்தான் இந்தப் பயிற்சி.

குழி வெட்டுவது சீக்கிரமே முடிந்துவிட்டது. தண்ணீருக்குத்தான் நேரம் பிடித்தது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். இடைவெளி விட்டு, குடம் குடமாக ஆழ இறங்கும்படி ஊற்றினால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். மூடாக்குச் சருகு தண்டை ஒட்டக்கூடாது, ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். ஒட்டினால் பட்டை அழுகும், கரையான் ஏறும். முட்டுக்கொம்பில் இறுக்கிக் கட்டியிருந்த ஒரு பையனின் முடிச்சை அவிழ்த்து, சணலை எட்டு வடிவில் தளர்த்திக் கட்டிக் காட்டினார். கன்று கொஞ்சம் ஆடினால்தான் தண்டு பருக்கும். கவாத்தும் கற்றுக்கொண்டார்கள்: பெரிய கிளையை அறுக்கும்போது முதலில் அடிப்பக்கம் ஓர் அறுப்பு. இல்லையென்றால் கிளை முறியும் வேகத்தில் தண்டின் பட்டையும் உரிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த அந்த அம்மா, கவரில் மண் நிரப்பும் நாள்கூலி. அன்று அவருக்குத் துண்டு போர்த்திக் கைதட்டியதோடு இளைஞர்கள் நிறுத்தவில்லை. அந்த நாளுக்கான கூலியையும் எண்ணிக் கொடுத்தார்கள். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தன்னார்வம் என்ற பெயரில் தொழில் தெரிந்தவரின் உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமே இல்லை.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க நினைக்கிறது. கன்றுகள் கிடைத்துவிடும். சித்திரை வெயிலில் குடம் தூக்க ஆள் கிடைப்பதுதான் கடினம். இந்த ஊரில் ஒவ்வொரு கன்றுக்கும் பொறுப்பாளர் பெயரை நோட்டில் எழுதி, இரண்டு கோடைக்கும் முறை போட்டுவிட்டுத்தான் நட்டார்கள்.

உங்கள் ஊரிலும் இந்த மழைக்கு நடப்போகிறீர்களா? பக்கத்து நாற்றுப்பண்ணையில் வேலை செய்பவரை அழைத்து, கூலி கொடுத்து, ஒருநாள் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு கோடைக்கு எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை மட்டும் நடுங்கள்.