கவையும் சுமையும்

மனிதன் தான் வாழும் நிலத்தின் இயல்பை அறிந்து, அதற்கேற்பத் தனது ஊர்திகளை ஆக்கிக்கொண்டான். மணலுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, நீருக்கு ஒன்று என அவை வேறுபட்டன. ஆயின், ஒரு நிலத்துக்கென ஆக்கப்பட்ட ஊர்தியை வேறொரு நிலத்திற் செலுத்த முற்படும்போது சிக்கல்கள் தோன்றுகின்றன. வெளியே மாற்றவேண்டியவை எளிதிற் புலப்படும். உள்ளே மாற்றவேண்டியவையோ பெரும்பாலும் விழுந்தெழுந்த பின்னரே புலப்படும். கனடாவின் மேற்கு மலைகளில், மரஆலைத் தொழிலாளியான ஓர் இளைஞன் தன் மோட்டார் சைக்கிளின் முன்கவையைத் திருத்திக்கொண்ட கதை இதற்கோர் எடுத்துக்காட்டாகும்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கொலம்பியா ஆற்றின் கரையில் அமைந்தது ரெவல்ஸ்ரோக் என்னும் சிற்றூர். அதற்கு அண்மையிலுள்ள கோப்லண்ட் மலையில் 1971–72 பனிக்காலத்தில் 24 மீற்றருக்கும் மேற்பட்ட பனி பொழிந்ததாகப் பதிவுண்டு. இத்தகைய நாட்டில் பனிமேற் செல்லும் ஊர்தி முதலில் விளையாட்டுப் பொருளாகத் தோன்றவில்லை. கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே 1922இல், பதினைந்து வயதுச் சிறுவனாக, தன் முதலாவது பனியூர்தியைச் செய்து பார்த்தார். 1934இன் பனிக்காலத்தில், பாதைகள் மூடப்பட்டமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியின்றி அவருடைய இளமகன் இறந்தான். அவ்விழப்புக்குப் பின்னர் அவரது முயற்சி மேலும் தீவிரமடைந்தது. 1959இல் அவருடைய நிறுவனம் வெளியிட்ட ஸ்கி-டூ என்ற சிறிய ஊர்தியே பனியூர்தியைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தது.

சேற்றிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் மோட்டார் சைக்கிளைப் பனிக்கு மாற்றுவது இம்மரபின் பிற்காலக் கிளையாகும். முன்சில்லைக் கழற்றி அவ்விடத்தில் ஓர் அகன்ற சறுக்குப்பலகையைப் பொருத்துவர். பின்சில்லையும் அதன் புயத்தையும் நீக்கி, நீண்ட இறப்பர்ப் பட்டையொன்றை இணைப்பர். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சாண்ட்பொயின்ற் நகரில் உருவான ரிம்பர்சிலெட் நிறுவனம் இம்மாற்று உறுப்புகளைப் பரப்பியவற்றுள் முதன்மையானது. 2015இல் பொலாரிஸ் நிறுவனம் அதனை வாங்கியது. 2017இல் அஸ்பன் நகரில் நடைபெற்ற எக்ஸ் விளையாட்டு விழாவில் இவ்வூர்திகளின் ஓட்டப்போட்டி முதன்முறையாக இடம்பெற்றது.

அவ்விளைஞன் இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு, ஒருவர் பாவித்த 450 கனசென்ரிமீற்றர் மோட்டார் சைக்கிளொன்றையும் மாற்று உறுப்புகளையும் வாங்கினான். சில்லு போய்ப் பலகை வந்தது. வண்டி பனிக்கு ஆயத்தமாகிவிட்டது என்று நம்பினான். ஆனால் பலகையைத் தாங்கிய முன்கவை மட்டும் மண்ணுக்கென ஆக்கப்பட்டதாகவே இருந்தது.

கவை என்பது ஒன்றனுள் ஒன்று நுழையும் இரு குழாய்களாலான இரண்டு கால்களைக் கொண்டது. அதனுள் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. சுருள்வில்லோ அமுக்கிய காற்றோ சுமையைத் தாங்கித் திருப்பி எழுப்புகிறது. சிறு துளைகளினூடாகவும் தகடுகளினூடாகவும் நெருக்கப்படும் எண்ணெய் அவ்வசைவின் வேகத்தைத் தணிக்கிறது. வில் மட்டும் இருந்தால் வண்டி துள்ளிக்கொண்டே இருக்கும். எண்ணெய் மட்டும் இருந்தால் அமிழ்ந்தது எழாது. தாங்குதலும் தணித்தலும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தலே கவையின் நலமாகும்.

பனி மென்மையானது, அதன்மேற் செல்வதற்கு உறுதியான கவை எதற்கு என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆனால் மலையுச்சியின் மென்பனியை அடையுமுன் பல கிலோமீற்றர் தூரம் பிற பனியூர்திகள் ஓடியோடி இறுகிய பாதையிற் செல்லவேண்டும். அப்பாதை வரிசை வரிசையான திடர்களாலும் குழிகளாலும் ஆனது. மண்ணில் ஓடும்போது சிறு அதிர்ச்சிகளை ரயரிலுள்ள காற்று ஏற்றுக்கொள்ளும். பலகைக்கு அத்தகைய காற்றில்லை. பின்புறத்தில் நீண்ட பட்டை சுமையைப் பரப்பித் தாங்குகிறது. முன்புறத்திலோ அடி முழுவதும் கவையில் விழுகிறது. பட்டை பின்னிருந்து தள்ள, பலகை குழியிற் குத்த, இடையில் அகப்படுவது கவையே.

முதலாம் பனிக்காலத்தின் தை மாதத்தில், நண்பன் ஒருவனுடன் அவன் மலைக்குச் சென்றான். திரும்பும் வழியில் ஓர் ஓடையின் கரையைத் தாண்டி இறங்கியபோது கவை முழுதும் அமிழ்ந்து அடிதட்டியது. எழுவதற்குள் அடுத்த குழி வந்தது. பலகையின் மூக்கு பனியிற் புதைய, அவன் கைபிடிக்கு மேலாக வீசப்பட்டான். இடது மணிக்கட்டு முறிந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நண்பன் அவனைத் தன் வண்டியில் ஏற்றிப் பாதைத் தலைப்பை அடைந்தபோது நன்றாக இருண்டுவிட்டது. ஆறு வாரங்கள் ஆலைக்குச் செல்ல முடியவில்லை. ஆறு வாரக் கூலியின் இழப்பைவிட அவனை வருத்தியது வேறொன்று. குறை தன்னுடையதே, துணிவும் திறமையும் தனக்கில்லை என அவன் எண்ணத் தொடங்கியிருந்தான்.

ஓய்விலிருந்த நாட்களில் விலைப்பட்டியல்களைப் புரட்டினான். பொன்னிறம் பூசிய குழாய்களுடன், வண்டியின் விலையில் மூன்றிலொரு பங்கை விழுங்கக்கூடிய கவைகள் அவற்றில் மின்னின. பொருளின் விலை உயர உயர அதன் பொருத்தமும் உயரும் என்ற மயக்கத்தை விளம்பரம் எங்கும் விதைக்கின்றது. கடன்பட்டேனும் ஒன்றை வாங்குவதென முடிவுசெய்து, கவை திருத்தும் முதியவர் ஒருவரிடம் ஆலோசனை கேட்கச் சென்றான். அவர் அந்தப் படங்களைப் பார்க்கவில்லை.

“கவையைப் பிறகு பார்ப்போம். உன்னுடைய நிறை எவ்வளவு?” என்று கேட்டார்.

எண்பத்திரண்டு கிலோகிராம் என்றான். மலைக்குச் செல்லும் கோலத்தில் வந்து தராசில் ஏறுமாறு அவர் பணித்தார். தலைக்கவசம், சப்பாத்து, தடித்த உடை, பனிச்சரிவிற் காக்கும் காற்றுப்பை, மண்வெட்டி, ஆழமறியும் கோல், நீர், மேலதிக எரிபொருள் யாவற்றுடனும் ஏறியபோது தராசு நூற்றொன்றைக் காட்டியது. ஓராண்டாகத் தான் ஏறிச் சென்ற வண்டியில் ஏறியிருந்தவன் யார் என்பதை அவன் அன்றுதான் அறிந்தான். மெல்லிய மயிலிறகாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என வள்ளுவர் வலியறிதலில் உணர்த்திய உண்மை, அவரை அறியாத அம்மலைநாட்டுத் தராசிலும் வெளிப்பட்டது.

முதியவரின் இரண்டாவது வினா, கவையிற் காற்றை எங்கே நிரப்பினாய் என்பதாகும். அவனுடைய கவை சுருள்வில்லுக்குப் பதிலாக ஒரு காலில் அமுக்கிய காற்றைக் கொண்டது. காற்றுக்கவை பாரங்குறைந்தது, சிறு பம்பியொன்றால் அதன் வன்மையைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். மண்ணில் ஓடுவோர் அதனை விரும்புவதற்கு நியாயமுண்டு. ஆனால் மூடிய கலத்திலுள்ள வாயுவின் அமுக்கம் வெப்பநிலையுடன் குறையும் என்பது பாடசாலையிற் கற்கும் விதி. 20 பாகை வெப்பமுள்ள கொட்டகையில் 10 பார் காட்டுமாறு நிரப்பிய கவை, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில், வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்துக் கணித்தால், ஏறத்தாழ எட்டரைப் பாரையே காட்டும். ஏறியவன் எண்ணியதைவிடப் பாரமானவன். தாங்கிய காற்றோ எண்ணியதைவிட மெலிந்தது. கடுங்குளிரில் இறப்பர் வளையங்கள் இறுகுவதால் காற்றுக் கசிவதும் உண்டு.

மலையில் நின்றே காற்றை நிரப்பலாமே என அவன் கேட்டான். நிரப்பலாம், ஆயின் ஓட ஓடக் கவை சற்றுச் சூடேறும், நின்றால் மீண்டும் குளிரும், காலையில் அளந்தது மாலைக்குப் பொருந்தாது என்பது முதியவரின் விடை. உருக்குச் சுருள்வில்லின் வன்மை இவ்வெப்பநிலை வேறுபாட்டினால் மிகச் சிறிதளவே மாறுபடும். எனவே பழைய கவையை வீசாது, காற்றிருந்த இடத்தில் நூற்றொரு கிலோகிராமுக்கும் பனிப்பாதைக்கும் ஏற்ற வன்மையுள்ள சுருள்வில்லைப் பொருத்துவதெனத் தீர்மானித்தனர். புதிய கவையின் விலையிற் சிறியதொரு பங்கே அதற்குத் தேவைப்பட்டது.

வில்லோடு வேலை முடிந்துவிடவில்லை. குளிரில் எண்ணெய் தடிக்கிறது. தடித்த எண்ணெய் துளைகளினூடாக விரைந்து செல்லாது. அதனால் அமிழ்ந்த கவை முழுதாக எழுமுன் அடுத்த அடியை வாங்குகிறது. அடிமேல் அடியாக அது குறுகிக்கொண்டே போகிறது. ஓடைக்கரையில் அவனை வீழ்த்தியது பெரும்பாலும் இதுவே. ஆகவே குளிரிலும் எளிதாக ஓடும் மெல்லிய எண்ணெய் ஊற்றப்பட்டது. வன்மையான வில் விரைந்து எழ முயலுமாதலால், எழுதலைத் தணிக்கும் திருகாணியும் புதிதாக ஒழுங்குசெய்யப்பட்டது. ஒன்றை மாற்றினால் அதனோடு இயைந்த மற்றொன்றையும் மாற்றவேண்டும் என்பதை அவன் அந்தத் திருகாணியைத் திருப்பித் திருப்பிக் கற்றான். குழாய்களில் உறையும் பனிக்கட்டி எண்ணெய்க் காப்பு வளையங்களைக் கிழிக்காதிருக்க உறைகள் அணிவிக்கப்பட்டன. இறுதியாக, முழுக்கோலத்துடன் அவனை வண்டியில் நிறுத்தி, ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் அசையக்கூடிய கவை அவன் நிறையால் எவ்வளவு அமிழ்கிறது என முதியவர் அளவுகோலால் அளந்தார்.

இரண்டாம் பனிக்காலத்தில் அதே ஓடைக்கரையில் வண்டி இறங்கியது; அமிழ்ந்தது; எழுந்தது. அவ்வளவே. பாரம் சற்றுக் கூடியது உண்மை. புதிய மென்பனியில் மெதுவாகச் செல்கையிற் கவை முன்னையிலும் இறுக்கமாகத் தோன்றியதும் உண்மை. எல்லா நிலைக்கும் ஏற்ற கவை என ஒன்று இல்லை. ஆனால் தன்னிடம் துணிவில்லை என்ற எண்ணம் அவனைவிட்டு அகன்றது.

அவ்விடத்திலேதான் புதியதோர் ஆபத்தும் பிறந்தது. நன்றாகத் தாங்கும் கவை, முன்பு அணுகாத சரிவுகளை அணுகத் தூண்டுகிறது. மாசி மாதத்து நாளொன்றில் அத்தகைய சரிவின் அடியில் அவன் நின்றான். அவ்வூரிலே தலைமையகத்தைக் கொண்ட அவலாஞ்ச் கனடா என்னும் அமைப்பு அன்று காலை வெளியிட்ட அறிக்கை, ஐந்து படிகளில் மூன்றாவதான ‘கணிசமான’ அபாயத்தைக் குறித்திருந்தது. பனிச்சரிவால் உயிரிழப்போரிற் பலர் அந்த மூன்றாம் படியில் இறப்பவர்களே. நான்காவதும் ஐந்தாவதும் அஞ்சச் செய்கின்றன. மூன்றாவதோ துணியச் செய்கின்றது. வண்டி ஏறும் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. ஆனால் அச்சரிவு தாங்கவேண்டிய நிறையைச் சோதித்துப் பார்க்க அங்கே தராசு இல்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, வண்டியைத் திருப்பினான்.

கருவியைத் திருத்துதல் என்பது விலையுயர்ந்ததைத் தேடி அடைவதன்று. தன் சுமையையும் தான் செல்லும் நிலத்தையும் அறிந்து, இருப்பதை அவற்றுக்கு இசைவிப்பதாகும். திருந்திய கருவி சுமையைத் தாங்கும். எங்கே திரும்பவேண்டும் என்பதை அது சொல்லாது. அந்த அறிவை ஏறிச் செல்பவனே தன்னுடன் கொண்டுசெல்லவேண்டும். அவன் அன்று இறங்கிவந்த பாதை பழைய திடர்களும் குழிகளும் நிறைந்ததாகவே இருந்தது. கவை ஒவ்வொன்றிலும் அமிழ்ந்து, ஒவ்வொன்றிலும் எழுந்தது.