யாருடைய கைக்கு இந்தப் பலகை?

அரசியலும் ஊர் நடப்பும் எழுதிவரும் இப்பக்கத்தில் இம்முறை ஒரு விளையாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுகின்றேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கின்றது. ஒரு பலகையில் ஐந்தாறு பொத்தான்களை எங்கே பதிப்பது என்ற சிறிய கேள்வி, யார் விளையாடலாம், யார் வேடிக்கை மட்டும் பார்க்கலாம் என்ற பெரிய கேள்வியாக மாறி எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து நின்றது.

ஆர்கேட் பெட்டி என்பது ஆளுயர மரப் பெட்டி. மேலே திரை, நடுவே கைகளுக்கான பலகை, கீழே நாணயம் போடும் துவாரம். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இளைஞர்கள் இவற்றின் முன் வரிசையில் நின்றார்கள். கல்முனையில் நான் வளர்ந்த காலத்தில் இதைப் படத்தில்கூடக் கண்டதில்லை. எங்களுக்கு வாய்த்தது கடை வாசலில் இருந்த கரம் பலகை. அஸருக்குப் பின்னர் நால்வர் சுற்றி அமர்ந்தால் மஃரிபு வரை எழமாட்டார்கள். அந்தப் பலகையின் நான்கு பக்கங்களும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் கையால் சுண்டுகின்றீர்கள் என்று அது யாரையும் கேட்பதில்லை. இதை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சகோதரியின் மகன் கட்டாரில் பல ஆண்டுகள் மின்னிணைப்பு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒரு வணிக வளாகத்தில் இத்தகைய பெட்டிகளைக் கண்டு மோகம் கொண்டவர். சென்ற டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். இன்று இது கடினமான காரியமன்று. கைக்கடக்கமான சிறு கணனி ஒன்று, பழைய கணனித் திரை ஒன்று, மேம் என்னும் மென்பொருள் ஆகியவை இருந்தால் உள்ளுறுப்பு முடிந்தது. நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பெப்ரவரியில் வெளியிட்ட அந்த மென்பொருள், பழைய ஆர்கேட் இயந்திரங்களின் சுற்றுகளைக் கணனிக்குள் பாவனை செய்து காட்டுகின்றது. 2016இல் அது திறந்த மூல மென்பொருளாயிற்று. ஆனால் மென்பொருள் இலவசம் என்பதால் விளையாட்டுகளும் இலவசம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவற்றின் உரிமை உரியவர்களிடமே உள்ளது. நிறுவனங்கள் விற்கும் பழைய விளையாட்டுத் தொகுப்புகளை வாங்கிக்கொள்வதே நேர்மை.

பெட்டியைச் செய்வது எளிது, பலகையை வரைவதே கடினம் என்பதை மருமகன் விரைவில் கண்டுகொண்டார். காரணம் இதுதான். அன்றைய இயந்திரம் ஒவ்வொன்றும் ஒரேயொரு விளையாட்டுக்காகப் பிறந்தது. அதன் பலகையும் அவ்விளையாட்டுக்காகவே வரையப்பட்டது. 1979இல் அட்டாரி வெளியிட்ட அஸ்டரொய்ட்ஸில் ஜோய்ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பொத்தான்கள் மட்டும். 1980இல் நாம்கோவின் பேக்மேனில் நடுவே ஒரு ஜோய்ஸ்டிக் மட்டும், சுடுவதற்கோ பாய்வதற்கோ பொத்தான் இல்லை. அதே ஆண்டின் மிஸைல் கொமாண்டில் உள்ளங்கையால் உருட்டும் பந்து. 1981இல் பரவிய டிஃபென்டரில் மேலும் கீழும் அசையும் ஒரு தண்டும் ஐந்து பொத்தான்களும். 1991இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் இடப்புறம் ஜோய்ஸ்டிக், வலப்புறம் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என ஆறு பொத்தான்கள். வீட்டில் செய்யும் பெட்டியோ இவை அனைத்தையும் ஒரே பலகையில் ஆட முயல்கின்றது. ஆகவே எல்லாவற்றையும் அப்பலகையில் அடைத்துவிடும் ஆசை எவருக்கும் வரும். எல்லாச் செய்தியையும் முதற்பக்கத்தில் போடச் சொல்லும் முதலாளிகளை நான் பார்த்திருக்கின்றேன். அப்படிப்பட்ட பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

மருமகன் பலரும் பின்பற்றும் ஒழுங்கையே தேர்ந்தெடுத்து வரைந்தார். இடக்கைக்கு ஜோய்ஸ்டிக், வலக்கைக்கு ஆறு பொத்தான்கள். வரைபடத்தை மேசையில் விரித்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய பதினொரு வயது மகள் கேட்டாள்: “வாப்பா, இதிலயும் நான் புள்ளிதானா எழுதுறது?”

அந்தப் பிள்ளையின் வலக்கை பிறவியிலேயே வலுக் குறைந்தது. விரல்கள் தனித்தனியே மடங்குவதில்லை. இடக்கையால் அழகாக எழுதுவாள். கரம் சுண்டுவதில் பையன்களையே தோற்கடிப்பாள். ஆனால் இரு கைகளாலும் பிடித்து ஆடும் விளையாட்டுக் கருவியொன்று வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்த பதவி, கொப்பியில் புள்ளி எழுதுவது. யாரும் அவளை ஒதுக்கவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். கருவியின் வடிவம் அவளை ஒதுக்கியது. அன்பினால் அதை மாற்ற முடியவில்லை.

மருமகன் வரைபடத்தை மடித்து வைத்தார். மறுநாள் என்னிடம் வந்து, “மாமா, ஒரு கையால ஆடக்கூடிய பலகை எங்கயாவது இரிக்கா?” என்று கேட்டார். செய்தி தேடுவது என் தொழில். தேடினேன்.

முதலில் கிடைத்தது ஒரு பழைய கதை. டிஃபென்டரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான யூஜின் ஜார்விஸ் கார் விபத்தொன்றில் வலக்கையில் காயமடைந்தார். கட்டுப் போட்ட கையுடன் வேலைக்குத் திரும்பியபோது, ஜோய்ஸ்டிக்கைப் பிடித்துப் பொத்தானை அழுத்தும் வழக்கமான முறை அவருக்கு இயலவில்லை. அந்நாட்களில்தான் பொத்தானையே நீக்கிவிட்டு இரண்டு ஜோய்ஸ்டிக்குகளை வைக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஒன்று நகர்வதற்கு, மற்றது சுடும் திசைக்கு. 1982இல் அவ்வாறு வெளிவந்த ரொபோட்ரொன்: 2084 இன்றுவரை பேசப்படுகின்றது. அதன் பின்னர் எத்தனையோ விளையாட்டுகள் அம்முறையைப் பின்பற்றின. காயம்பட்ட ஒரு கை கண்டுபிடித்த ஒழுங்கு, காயமற்ற கைகளின் வழக்கமாயிற்று.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2018இல் வெளியிட்ட கருவி ஒன்றும் கண்ணிற்பட்டது. இரண்டு பெரிய பொத்தான்களும், வெளியிலிருந்து வேறு பொத்தான்களையும் மிதிகளையும் இணைப்பதற்கு 19 சிறு துவாரங்களும் அதில் உள்ளன. மாற்றுத்திறனாளிகளின் ஆலோசனையுடன் செய்யப்பட்டது. மிதி என்ற சொல்லைப் படித்தவுடன் எனக்கு மருதமுனை நினைவுக்கு வந்தது.

கல்முனைக்கு வடக்கே அடுத்துள்ள மருதமுனையின் கைத்தறிச் சாரத்தையும் சேலையையும் இலங்கையில் அறியாதார் குறைவு. தறியில் அமர்ந்திருப்பவரைக் கவனித்திருக்கின்றீர்களா? கால்கள் மிதிகளை மாறி மாறி அழுத்திப் பாவு நூல்களைப் பிரிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடுகின்றது. மறு கை ஊடுநூலை நெருக்கித் தட்டுகின்றது. ஜோன் கே என்ற ஆங்கிலேயர் 1733இல் அந்த ஓடும் நாடாவுக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன்னர், நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் ஏந்த வேண்டியிருந்தது. ஒரு கையின் சுமையைக் கயிறு ஏற்றுக்கொண்டது. விரல்களால் முடியாததைக் காலிடம் கொடுக்கலாம் என்பதை எங்கள் நெசவாளர்கள் அன்றாடம் செய்து காட்டிக்கொண்டிருக்கின்றார்கள்.

பத்திரிகைப் பக்கத்தை அச்சுக்கோர்க்கும் முன்னர் வெற்றுத்தாளில் ‘டம்மி’ வரைவோம். அதே முறையைக் கையாண்டோம். பெரிய கடதாசி மட்டையை மேசையில் விரித்து, சோடா மூடிகளைப் பொத்தான்களாகப் பரப்பினோம். பிள்ளையைக் கதிரையில் அமர்த்தி, கண்களை மூடிக்கொண்டு கைகளைத் தன்போக்கில் வைக்கச் சொன்னோம். விரல் நுனிகள் விழுந்த இடத்தைப் பென்சிலால் குறித்தோம். தம்பியையும், சகோதரியையும், என்னையும் அதேபோல் அமர்த்திக் குறித்தார் மருமகன். விரல்கள் சமநீளமானவை அல்ல என்பதால் எல்லோருடைய புள்ளிகளும் நேர்கோட்டில் விழாமல் வளைந்தே விழுந்தன. பொத்தான்களை வில்போல வளைத்துப் பதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

முடிவில் வந்த பலகை இது. இரண்டு ஜோய்ஸ்டிக்குகள், நடுவே இரண்டடி இடைவெளி. ஒவ்வொன்றின் இரு புறமும் மூன்று மூன்று பொத்தான்கள், கண்ணாடியில் தெரிவதுபோல் ஒன்றுக்கொன்று எதிராக. இடப்புறத்து முதற்பொத்தானும் வலப்புறத்து முதற்பொத்தானும் ஒரே வேலையைச் செய்யும். காலடியில் ஆளுக்கொரு மிதி. அதுவும் முதற்பொத்தானின் வேலையையே செய்யும். பலகையின் உயரம் 29 அங்குலம், கதிரையில் அமர்ந்து ஆடுவதற்கு. நின்று ஆடும்போது மிதியை அழுத்தினால் உடல் தளம்பும்.

இதற்குத் தனி மென்பொருளோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. ஒவ்வொரு பொத்தானின் அடியிலும் ஒரு சிறு ஆளி இருக்கின்றது. அதிலிருந்து ஒரு கம்பி யு.எஸ்.பி. சுற்றுப் பலகையின் உரிய முனைக்கும், மற்றொன்று எல்லாவற்றுக்கும் பொதுவான முனைக்கும் செல்லும். மிதியின் ஆளியையும் அதே இரு முனைகளில் இணைத்தால் போதும். அழுத்தியது விரலா, பாதமா என்பது கணனிக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மிதியை ஊர் ஓடாவி ஒருவர் பலகைத் துண்டு, கதவுப் பிணைச்சல், ஒரு சுருள்வில் ஆகியவற்றைக் கொண்டு செய்து தந்தார். தையல் இயந்திரத்தின் மின்மிதியைப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் சொன்னார். அதனுள் செல்வது வீட்டு மின்சாரம், அதை அப்படியே இணைப்பது ஆபத்து என்று மருமகன் மறுத்துவிட்டார்.

செய்ய விரும்புவோருக்காக இரண்டு குறிப்புகள். ஜப்பானிய அளவுப் பொத்தானுக்கு 30 மில்லிமீற்றர் துளை வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகைப் பொத்தான்கள் மெல்லிய தகட்டுக்கு உரியவை, தடித்த மரத்தில் நில்லா. மரப்பலகையாயின் மரை வைத்து முறுக்கும் வகையை வாங்கி, தேவையானால் அடிப்புறத்தில் மரத்தைக் குடைந்து மெலிதாக்க வேண்டும். அடுத்தது, பேக்மேனுக்கு நான்கு திசை ஜோய்ஸ்டிக் வேண்டும். எட்டுத் திசைத் தண்டு மூலைக்குச் சாய்ந்தால் திருப்பம் தவறிப்போகும். ரொபோட்ரொனுக்கோ எட்டுத் திசையும் அவசியம். சிலவகை ஜோய்ஸ்டிக்குகளின் அடியில் உள்ள சதுரச் சட்டத்தை 45 பாகை திருப்பி இதை மாற்றலாம். ஆகவே பலகையைப் பிணைச்சலில் பொருத்தி, மூடிபோல் திறக்கும்படி செய்துகொண்டோம். கடற்காற்றின் உப்புப் படியும் எங்கள் ஊரில் ஆளிகளைத் துப்புரவாக்கவும் அது உதவுகின்றது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு வெவ்வேறு பொத்தான்கள் கேட்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இப்பெட்டியில் இல்லை. மருமகனைக் கட்டாரில் மயக்கிய விளையாட்டே அதுதான். ஐந்து பொத்தான்கள் கேட்கும் டிஃபென்டரும் இல்லை. “எல்லாரும் ஆட ஏலாத ஒண்டு இந்த வீட்டில எதுக்கு மாமா?” என்று சொல்லிவிட்டார். பேக்மேன், ஃப்ரொகர் ஆகியவற்றுக்கு ஒரு கையே போதும். கலாகாவுக்கும் டொங்கி கொங்குக்கும் ஒரு கையும் ஒரு காலும். ரொபோட்ரொனை அக்காவும் தம்பியும் அருகருகே அமர்ந்து ஆடுகின்றார்கள். நகர்த்துவது அவள், சுடுவது அவன். தோற்றால் பழி யாருக்கு என்பதில் பெரும் சண்டை. புள்ளி எழுதும் கொப்பி இப்போது யாரிடமும் இல்லை. இன்னொன்றும் நடந்தது. விரலைவிடப் பாதம் களைப்பது தாமதம் என்று கண்டுகொண்ட பையன்களும் மிதியையே நாடுகின்றார்கள். அவளுக்காக வைத்தது என்ற பேச்சே மறந்துபோயிற்று.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இலங்கை 1996இல் நிறைவேற்றியது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தை 2016இல் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. தாள்கள் உள்ளன. ஆயினும் நெஞ்சுயரக் கருமபீடங்களையும், முதியோர் ஏற முடியாத பேருந்துப் படிகளையும், வலக்கைக்காரருக்கென்றே பலகை பொருத்திய வகுப்பறைக் கதிரைகளையும் நாம் கடந்துகொண்டேதான் இருக்கின்றோம். அவையும் கட்டுப்பாட்டுப் பலகைகளே. வரைந்தவர் தம்முடைய கையையும் காலையும் அளவாக வைத்து வரைந்தார். அதற்குள் அடங்காதவரை இயலாதவர் என்கின்றோம்.

ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வீட்டின் பின்னறையில் இத்தகைய பெட்டி செய்யும் வாசகர்கள் இருப்பார்கள். பலகையில் முதற்துளையை இடும் முன்னர் ஒரு மட்டையையும் பத்துச் சோடா மூடிகளையும் எடுத்து, வீட்டிலுள்ள எல்லோரையும் ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். முதலில் அமர வேண்டியவர், வழக்கமாகப் புள்ளி எழுதுபவர்.