சட்டை போடாத கரடிக்கு டை எதற்கு?

யோகி கரடியை ஞாபகம் இருக்கிறதா? சட்டை போடாது, கால்சட்டையும் கிடையாது. ஆனால் தலையில் தொப்பி, கழுத்தில் வெள்ளைக் காலர், அதில் பச்சை டை என்று ஆபீஸுக்குக் கிளம்பியதுபோல நிற்கும். கூடவே வரும் குட்டிக் கரடி பூ-பூவின் கழுத்தில் ஒரு போ டை. கற்காலத்து ஃப்ரெட் பிளின்ட்ஸ்டோன் காலில் செருப்புகூட இல்லாமல், மிருகத் தோலைச் சுற்றிக்கொண்டு திரிவார். அவர் கழுத்திலும் நீல நிறத்தில் ஒரு டை தொங்கும்.

குழந்தைகள் இதையெல்லாம் கேள்வி கேட்பதில்லை. பெரியவர்களும் வேடிக்கைக்காக வரைந்தது என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அந்த டை வேடிக்கைக்காகக் கட்டியது அல்ல. கையில் காசில்லாமல் கட்டியது. நடுத்தர வயதில் வேலை போன இரண்டு பேரின் கதை அதில் இருக்கிறது.

வில்லியம் ஹன்னா 1910-ல் நியூ மெக்ஸிகோவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். ஹாலிவுட்டில் பான்டேஜஸ் தியேட்டர் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். பொருளாதார மந்தம் வந்தது, வேலை போனது. கொஞ்ச நாள் கார் கழுவினார். அப்புறம் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் எடுபிடியாக நுழைந்தார். ஜோசப் பார்பெரா 1911-ல் நியூயார்க்கில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். வங்கியில் கிளார்க். கணக்குப் புத்தகத்தைவிட கார்ட்டூன் வரைவதில்தான் அவருக்கு நாட்டம். பத்திரிகைகளுக்கு வரைந்து அனுப்பி, மெல்ல அனிமேஷன் பக்கம் வந்து சேர்ந்தார்.

1937-ல் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் இருவரும் சந்தித்தார்கள். குணத்தில் ஒட்டவே ஒட்டாத ஜோடி. ஹன்னா சாரணர் இயக்கம், கூட்டாகப் பாடுவது, காட்டுப் பக்கம் போவது என்று இருப்பவர். பார்பெராவுக்கு விருந்தும் நாலு பேர் கூடும் இடமும் வேண்டும். வேலை முடிந்தால் அவரவர் வழி. ஆனால் வேலையில் ஒருவருக்கு இல்லாதது மற்றவரிடம் இருந்தது. பார்பெராவின் கை மின்னல் வேகம். ஒரு சிரிப்பை நாலு கோட்டில் கொண்டுவந்துவிடுவார். ஹன்னாவுக்கு வரைவதில் அவ்வளவு தேர்ச்சி இல்லை. ஆனால் அடி எந்த நொடியில் விழ வேண்டும், எத்தனை ஃப்ரேம் கழித்துப் பூனை அலற வேண்டும் என்ற தாளக் கணக்கு அவர் ரத்தத்தில் இருந்தது. டாம் தொண்டை கிழியக் கத்துமே, அந்தக் குரலும் அவருடையதுதான்!

ஆம், டாம் அண்ட் ஜெர்ரி இவர்கள் பெற்ற பிள்ளைதான். 1940-ல் முதல் படம் வந்தபோது பூனையின் பெயர் ஜாஸ்பர். பூனை-எலிக் கதையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் தயாரிப்பாளர் ஃப்ரெட் க்விம்பி நினைத்தார். டெக்ஸாஸில் தியேட்டர் தொழிலில் இருந்த ஒரு பெண்மணி, அடுத்த படம் எப்போது என்று கேட்டுக் கடிதம் எழுத, மனம் மாறினார். ஸ்டூடியோவுக்குள்ளேயே பெயர்ப் போட்டி வைத்தார்கள். ஒரு அனிமேட்டர் எழுதிப் போட்ட டாம் அண்ட் ஜெர்ரிக்கு 50 டாலர் பரிசு.

அடுத்த 17 ஆண்டுகளில் 114 படங்கள், ஏழு ஆஸ்கர். அந்த ஆஸ்கர்களை மேடையேறி வாங்கியவர் க்விம்பி. படைத்தவர்களை அவர் மேடைக்கு அழைக்கவில்லை.

1957-ல் தலைமையகத்திலிருந்து ஒரு போன் வந்தது. கார்ட்டூன் பிரிவை மூடுங்கள், ஆட்களை அனுப்புங்கள். அவ்வளவுதான். காரணத்தைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். பழைய டாம் அண்ட் ஜெர்ரியை மறுபடி வெளியிட்டாலே, புதிதாக எடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமான வசூல் வந்துகொண்டிருந்தது. பிறகு எதற்குப் புதிது? அவர்கள் நன்றாகச் செய்த வேலையே அவர்கள் வேலைக்கு உலை வைத்தது.

இருவருக்கும் நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கூடவே தெருவுக்கு வந்தது ஒரு பெரிய குழு. சினிமாவை ஓரங்கட்டிவிட்டு வீட்டுக்கு வீடு டிவி நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அங்கேதான் போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்தது. ஜெர்ரியோடு ஜீன் கெல்லி நடனமாடும் படத்தை இயக்கிய ஜார்ஜ் சிட்னி, பழைய நட்பில் துணைக்கு வந்தார். அவர் மூலம் ஸ்க்ரீன் ஜெம்ஸ் என்ற டிவி நிறுவனம் பணம் போட்டது. 1957 ஜூலையில் புதுக் கம்பெனி. யார் பெயர் முதலில் வருவது என்று காசைச் சுண்டிப் பார்த்தார்கள். ஹன்னா ஜெயித்தார். ஹன்னா-பார்பெரா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பட்ஜெட்டைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. எம்ஜிஎம்மில் ஒரு டாம் அண்ட் ஜெர்ரிக்கு 40,000 டாலருக்கு மேல் செலவழித்தவர்கள் அவர்கள். டிவிக்காரர்கள் ஐந்து நிமிடக் கதைக்குத் தரத் தயாராக இருந்த தொகை சுமார் 3,000 டாலர்.

இங்கேதான் டை வருகிறது.

திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். டாம் ஓடும்போது வால், மீசை, காது எல்லாமே அசைய வேண்டுமென்றால் படத்துக்குப் படம் முழு உடம்பையும் புதிதாக வரைய வேண்டும். பதினான்காயிரம் ஓவியங்கள்வரை போகும். அதை இரண்டாயிரத்துக்குள் அடக்கினால்தான் மூவாயிரம் டாலரில் கட்டுப்படியாகும். என்ன செய்வது?

உடம்பை ஒரு தாளில் ஒரே முறை வரைந்து வைத்துவிட்டார்கள். கண்ணாடிபோன்ற இன்னொரு தாளில் தலை மட்டும். பேசும்போது தலை ஆடும், வாய் மாறும். உடம்பு அப்படியே நிற்கும். ஆனால் தலை ஆடினால் கழுத்தில் ஒட்டுப்போட்ட கோடு தெரியுமே? அதை மறைக்கத்தான் காலரும் டையும். யோகி ஒன்றும் நாகரிகம் கற்ற கரடி அல்ல. தையல் தெரியாமலிருக்கப் பட்டி வைத்துத் தைத்த கரடி!

இதேபோல இன்னும் எத்தனையோ சிக்கனங்கள். ஃப்ரெட் தன் வீட்டுக்குள் ஓடினால் அதே ஜன்னலும் அதே விளக்கும் திரும்பத் திரும்ப வரும். வீடு ஒரு மைல் நீளம் போலிருக்கும். யாராவது விழுந்தால் விழுவதைக் காட்ட மாட்டார்கள். ஆள் திரைக்கு வெளியே போவார், 'டமார்' என்று சத்தம், கேமரா ஒரு குலுக்கு. ஓடத் தொடங்கும் முன் கால்கள் அந்தரத்தில் சுழல, தாளக்கருவி தடதடக்கும். அந்தச் சத்தங்களே ஸ்டூடியோவின் முத்திரையாகிவிட்டன. சமையலறையிலிருந்து கேட்டாலே டிவியில் ஓடுவது எது என்று சொல்லிவிடலாம்.

அசைவு குறைந்ததால் பேச்சு கூடியது. டாம் அண்ட் ஜெர்ரியில் வசனம் மிகக் குறைவு. இங்கே வாய் ஓயாது. டாஸ் பட்லர், டான் மெஸ்ஸிக் என்ற இருவர் மட்டுமே டஜன்கணக்கான விலங்குகளுக்குக் குரல் கொடுத்தார்கள். இது கார்ட்டூனே அல்ல, படம் போட்ட ரேடியோ என்று சக கலைஞர் சக் ஜோன்ஸ் கிண்டலடித்தார். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. ஒரே வித்தியாசம், இது நல்ல ரேடியோ.

1957 டிசம்பரில் ரஃப் அண்ட் ரெட்டி. அடுத்த ஆண்டு ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட். எம்மி விருது வாங்கிய முதல் கார்ட்டூன் தொடர் அது. அதில் துணைப் பாத்திரமாக வந்த யோகி, பிறகு தனிக்குடித்தனம் போனது.

அடுத்து வந்ததுதான் பெரிய சூதாட்டம். ராத்திரி நேரத்தில், பெரியவர்கள் பார்க்கும் அரை மணி நேரக் கார்ட்டூன். யார் வாங்குவார்கள்? பார்பெரா நியூயார்க்கில் எட்டு வாரம் தங்கி, கதைப் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டி, எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்துக் காட்டினார். வந்தவர்கள் சிரித்தார்கள், கைகுலுக்கினார்கள், போய்விட்டார்கள். கடைசியில் ஏபிசி வாங்கியது. 1960 செப்டம்பர் 30 அன்று பிளின்ட்ஸ்டோன்ஸ் ஒளிபரப்பானது. ஆறு ஆண்டுகள், 166 எபிசோடுகள். ஆரம்பத்தில் அதற்கு விளம்பரம் தந்தது ஒரு சிகரெட் கம்பெனி. ஃப்ரெட்டும் பார்னியும் விளம்பரத்தில் புகைபிடித்தார்கள். இன்று நினைத்துப் பார்க்க முடியாத சங்கதி.

பார்னிக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் 1961 ஜனவரியில் பயங்கரமான கார் விபத்தில் சிக்கினார். உடம்பெங்கும் மாவுக்கட்டு. சில எபிசோடுகளுக்கு டாஸ் பட்லர் கைகொடுத்தார். அப்புறம் படுக்கைக்கே மைக்கைக் கொண்டுபோனார்கள். படுத்தபடியே பிளாங்க் பார்னியாகச் சிரித்தார்.

சினிமா கார்ட்டூன் பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிய காலம் அது. ஸ்லீப்பிங் பியூட்டி படத்துக்குப் பிறகு டிஸ்னியே ஆட்களைக் குறைத்தது. வேலை தேடிய ஓவியர்கள் பலருக்கும் ஹன்னா-பார்பெராவின் கதவு திறந்திருந்தது. டிஸ்னியிலிருந்து வந்தவர்களில் இவாவ் டகமோட்டோவும் ஒருவர். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு மன்ஸனார் முகாமில் அடைக்கப்பட்டு, அங்கேயே ஓவியம் பழகியவர்.

1960களின் கடைசியில், சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று பெற்றோர் அமைப்புகள் கொடிபிடித்தன. சண்டை இல்லாத ஒன்று வேண்டுமென்று சிபிஎஸ் கேட்டது. கதையை ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் எழுதினார்கள். நாயை வரைய வேண்டியவர் டகமோட்டோ. கிரேட் டேன் வளர்க்கும் ஒருவரிடம் போய், உயர்ந்த ஜாதி நாய்க்கு லட்சணம் என்ன என்று கேட்டுக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாக வரைந்தார்! கோணல் கால், கூன் முதுகு, தொங்கும் தாடை. 1969 செப்டம்பரில் வந்த ஸ்கூபி-டூ அப்படிப் பிறந்தது. ஊரே பயப்படும் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பேராசைக்கார மனிதன் இருப்பான்.

அந்த வெற்றிக்குப் பிறகு ஸ்டூடியோ கொஞ்சம் சோம்பேறியானது என்றுதான் சொல்ல வேண்டும். நாலு இளைஞர்கள், ஒரு மர்மம், கூட ஒரு பேசும் நாய். நாய்க்குப் பதில் பேசும் கார், அப்புறம் பேசும் சுறா. ஒரே அச்சில் வார்த்த தொடர்கள். கம்பெனியை 1960களிலேயே டாஃப்ட் நிறுவனத்துக்கு 12 மில்லியன் டாலருக்கு விற்றாகிவிட்டது. நிறுவனர்கள் தலைமையில் நீடித்தார்கள், ஆனால் வாரா வாரம் தயாரிக்க வேண்டிய சரக்கு மலைபோல் கூடியது.

டை கட்டி மிச்சம் பிடித்தது போதவில்லை. வரையும் வேலையே கடல் தாண்டத் தொடங்கியது. முதலில் ஆஸ்திரேலியா. பிறகு, 1978-ல் ஜேம்ஸ் வாங் தைவானில் தொடங்கிய ஸ்டூடியோ. கதையும் குரலும் அமெரிக்காவில். ஆயிரக்கணக்கான ஓவியங்கள் அங்கே. தைவானில் ஒரு தலைமுறை இளைஞர்கள் இதில் தொழில் கற்றார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தலைமுறை நாற்காலியை இழந்தது. 1979-ல் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்து, உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் வேலை தந்துவிட்டுத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதி வாங்கியது. 1982-ல் மறுபடி வேலைநிறுத்தம், வாரக்கணக்கில் நீண்டது, இம்முறை சங்கம் தோற்றது.

ஸ்டூடியோ வாசலில் அட்டை பிடித்து நின்றவர்கள், யோகிக்கும் ஃப்ரெட்டுக்கும் வாய் வரைந்தவர்கள். உள்ளே இருந்தவர்கள், ஒரே போன் காலில் வேலை இழந்த அந்த இருவர். யார் பக்கம் நியாயம்? டிவிக்காரர்கள் தரும் தொகைக்கு வேறு வழியில்லை என்பது முதலாளிகளின் கணக்கு. 1957-ல் எம்ஜிஎம் போட்டதும் கணக்குதான்.

கதையின் அடுத்த திருப்பம் டெட் டர்னர். டாம் அண்ட் ஜெர்ரி உள்ளிட்ட எம்ஜிஎம்மின் பழைய படங்களை 1986-லேயே வாங்கி வைத்திருந்தவர் அவர். 1991-ல் ஹன்னா-பார்பெராவையும் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 320 மில்லியன் டாலருக்கு வாங்கினார். பிரிந்துபோன பிள்ளைகள் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 1992 அக்டோபர் 1 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தது. 24 மணி நேரமும் எதைப் போடுவது? இருக்கவே இருக்கின்றன பழைய கார்ட்டூன்கள். எந்தக் காரணத்துக்காக எம்ஜிஎம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியதோ, அதே காரணம் இப்போது ஒரு சேனலையே நடத்தியது.

இந்தியாவுக்கு அந்த சேனல் 1995-ல் வந்தது. அப்போது பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இரவு 9 மணி மறக்காது. கார்ட்டூன் சட்டென்று நின்று, அதே எண்ணில் டிஎன்டியின் பழைய ஆங்கிலப் படம் ஓடும். அதோடு அப்பாவின் கைக்கு ரிமோட் போய்விடும். கார்ட்டூன்கள் தமிழ் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதுவரை ஸ்கூபி என்ன சொன்னது என்று புரியாமலே சிரித்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்கு அதை யூடியூபில் போட்டுக் காட்டுகிறார்கள்.

டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி, பவர்பஃப் கேர்ள்ஸ் என்று புதிய தலைமுறை ஓவியர்களும் அதே ஸ்டூடியோவில்தான் அரிச்சுவடி படித்தார்கள். ஆனால் டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தபின், 1963 முதல் இயங்கிவந்த கஹுவெங்கா சாலைக் கட்டடத்தைக் காலி செய்தார்கள். 2001 மார்ச் 22 அன்று ஹன்னா 90 வயதில் காலமானார். அதே ஆண்டில் ஸ்டூடியோ வார்னர் பிரதர்ஸ் அனிமேஷனில் கரைந்தது.

பார்பெரா மட்டும் ஓயவில்லை. 2005-ல் ஒரு புதிய டாம் அண்ட் ஜெர்ரி குறும்படம் வந்தது. ஜெர்ரி கராத்தே பழகும், டாம் வழக்கம்போல அடி வாங்கும். கதையிலும் இயக்கத்திலும் அவர் கை இருந்தது. வயது 94. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்தில் இருந்த ஹன்னா இல்லாமல் அவர் இயக்கிய டாம் அண்ட் ஜெர்ரி அது. அடுத்த ஆண்டு டிசம்பர் 18 அன்று, அவரும் போய்ச் சேர்ந்தார்.